படத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணம் செம்மணி மனிதப் புதைகுழியில் கிடைத்த நீலப் பள்ளிப் பையின் படத்தை முகநூலில் பார்த்த பிறகு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. பிறகு செம்மணி என்று சொல்லி ஏஐயில் செய்த எலும்புக்கூட்டுப் படங்களும் வந்தன, பகிர்வு அதற்குத்தான் கூட. இனி உண்மையாகப் படமெடுத்து என்ன பயன்? நானும் கமரா வைத்திருப்பவன், அதனால் கேட்கிறேன்.

வாசகர், சுன்னாகம்

தம்பி,

செய்த படம் அழ வைக்கும், சரி. விசாரணை என்று வந்தால் அதை வைத்து என்ன செய்வது?

லூயிஸ் ஹைன் என்றொருவர், 1908 முதல் அமெரிக்காவில் வேலைத்தலம் வேலைத்தலமாகப் போய்ச் சிறுவர் தொழிலாளரைப் படமெடுத்தவர். கமராவோடு உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தீயணைப்புப் பரிசோதகர், பைபிள் விற்கிறவர் என்று என்னவெல்லாமோ சொல்லி நுழைந்தார் (உண்மையைப் படமெடுக்கப் பொய் சொல்லித்தான் போகவேண்டியிருந்திருக்கிறது, பாருங்கள்). தன் மேற்சட்டைப் பொத்தான்கள் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, பிள்ளை எந்தப் பொத்தான் வரை வருகிறாள் என்று பார்த்து, சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே குறிப்பெழுதுவார். தென் கரோலினாவில் நூற்கும் இயந்திரத்தருகே நிற்கும் ஒரு சிறுமியின் படத்துக்கு அவர் எழுதியது: பெயர், உயரம் 48 அங்குலம், அரை வருடமாக வேலை, ஆலையின் பெயர், 1908 நவம்பர் 30. இதைப் பொய் என்பவன் அந்த ஆலையைத் திறந்து காட்டவேண்டும். அதற்காக உடனே எல்லாம் மாறிவிடவில்லை. சிறுவர் வேலையைக் கட்டுப்படுத்த 1916இல் வந்த சட்டத்தை 1918இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது, நிலைத்த சட்டம் வர 1938 ஆகிவிட்டது.

டோரதியா லாங்கே என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் 1936இல் எடுத்த ஓர் ஏழைத் தாயின் படம் இதைவிடப் பிரபலம். ஆனால் அவர் அந்தத் தாயின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றார்கள் என்று எழுதினார், அப்படி நடக்கவேயில்லை என்று குடும்பத்தார் பிறகு சொன்னார்கள். அருமையான படம், குறிப்பில் ஓட்டை.

எங்கள் போர்க்காலப் படங்கள் எத்தனையோ யார் எடுத்தது, எந்த ஊர், எந்தத் திகதி என்றில்லாமல் சுற்றுகின்றன. வேறு நாட்டுப் படத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுப் பகிர்ந்து, மறுக்கிறவன் கையில் நாங்களே தடியைக் கொடுக்கிறோம், ஒன்றைப் பொய்யென்று பிடித்தால் மிச்சத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். அந்த நீலப் பை நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டி, இலக்கமிட்டுப் பதிந்த பொருள். 2025 ஆகஸ்ட் 5இல் செம்மணியில் எடுத்த பொருட்களைச் சனம் வந்து அடையாளம் காணட்டும் என்று வைத்தார்கள். ஏஐ படத்தை அப்படி வைக்க முடியுமா?

கொப்பி ஒன்று வாங்குங்கள். இடம், திகதி, நின்றவர்கள், அவர்கள் சொன்னது எல்லாம் அன்றிரவே எழுதவேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளேயிருக்கும் திகதி, இடத் தகவல் போய்விடும், மூலக் கோப்பைத் தனியாக வையுங்கள். பெயர் வெளியே வந்தால் ஆளுக்கு ஆபத்தென்றால் பெயர் கொப்பியோடு நிற்கட்டும். உங்கள் ஊர்க் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்துப் படங்கள் யாரிடமாவது இருக்கும். எந்த வீதி, எந்த மாதம் என்று அந்த வீட்டுக்காரருக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.