கிராஃபிக் டிசைன் தொழில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஓராண்டு டிசைன் படிப்பை முடித்துவிட்டேன். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றும் தெரியும். முப்பது வேலைகள் கொண்ட போர்ட்ஃபோலியோ கையில் இருக்கிறது. ஆனாலும் எல்லாம் நேர்காணலோடு நின்றுவிடுகிறது. எங்கே தவறு?
*– வேலை தேடும் வாசகர்*

முப்பது என்பதுதான் முதல் தவறு. பார்ப்பவர் உங்கள் போர்ட்ஃபோலியோவுக்கு ஒதுக்குவது சில நிமிடங்கள். முப்பதில் சுமாரான மூன்றுதான் அவர் மனத்தில் தங்கும். எட்டிலிருந்து பத்து வேலை போதும். ஆகச் சிறந்தது முதலில், அடுத்தது கடைசியில்.

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி எழுதுங்கள். என்ன கேட்டார்கள், யார் படிக்கப் போகிறார்கள், எந்த அளவில் எத்தனை நிறத்தில் செய்தீர்கள், முதலில் செய்து தள்ளிவிட்டது எது, ஏன் தள்ளினீர்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவரைத்தான் வேலைக்கு எடுப்பவர் தேடுகிறார். மென்பொருள் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

பிரபல குளிர்பான விளம்பரத்தை மறுபடி செய்து பார்த்த பயிற்சி வேலைகளை எடுத்துவிடுங்கள். அது எல்லோரிடமும் இருக்கிறது. அதற்குப் பதில் சுவாரசியமே இல்லாத ஒன்றை எடுங்கள்: பேருந்து கால அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுத்தாள், பன்னிரண்டு நெடுவரிசைகள் கொண்ட விலைப்பட்டியல். அட்டவணையில் குறுக்கும் நெடுக்குமான கோடுகளை நீக்கிவிட்டு, ஐந்து வரிக்கொருமுறை சிறு இடைவெளி விட்டுப் பாருங்கள். எண்களை வலப்பக்கம் நேராக நிறுத்துங்கள். எல்லா இலக்கங்களும் ஒரே அகலத்தில் வரும் எண் வடிவம் உங்கள் எழுத்துருவில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பிறகு அதை 8 பாயிண்ட் அளவில் தாளில் எடுத்து, கைநீட்டிப் பிடித்து வாசியுங்கள். அட்டவணையை அடக்கத் தெரிந்தவருக்குப் போஸ்டர் வந்துவிடும். போஸ்டர் செய்பவருக்கெல்லாம் அட்டவணை வராது.

லோகோவைக் காபிக் கோப்பை மேல் ஒட்டிக் காட்டுவது சான்றாகாது. 16 பிக்சல் அகலத்தில், ஒற்றை நிறத்தில், இருண்ட பின்னணியில் அது எப்படி நிற்கிறது என்று காட்டுங்கள்.

இன்னொன்று, பலரும் நினைத்தே பார்க்காதது: சில இடங்களில் மூலக் கோப்பைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அங்கே 'லேயர் 47 காப்பி' என்று பெயர் இருந்தாலோ, ஸ்பேஸ் பட்டனைத் தட்டித் தட்டி வரிகளை நேராக்கியிருந்தாலோ, ஒரு பத்தி ஸ்டைல்கூட (பத்தியின் அமைப்பைச் சேமித்து வைப்பது) இல்லாமலிருந்தாலோ அத்தோடு முடிந்தது. உங்களுக்குப் பின் அந்தக் கோப்பில் வேலை செய்யப் போகிறவர் யார் என்பதுதான் அவர்கள் கவலை.

கேள்வி: திரையில் அழகான நீலம், அச்சில் ஊதாவாக வந்துவிட்டது. கறுப்புப் பின்னணி ஒரு பக்கத்தில் வெளிறியும் இன்னொரு பக்கத்தில் கன்னங்கரேலென்றும் இருக்கிறது. அச்சகத்தார் என் கோப்பைக் குறை சொல்கிறார், நான் அவருடைய மெஷினை. யார் சொல்வது சரி?
*– இரண்டு ஆண்டு அனுபவமுள்ள டிசைனர்*

நீங்கள் சொல்வதை மட்டும் வைத்துப் பார்த்தால் அச்சகத்தார்.

முதலில் நீலம். திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது. மை ஒளியை விழுங்கி நிறம் காட்டுகிறது. திரையின் பளிச்சென்ற நீலத்துக்கு நான்கு மைகளில் ஈடு கிடையாது. திரையின் ஆர்.ஜி.பி. முறையிலிருந்து (சிவப்பு, பச்சை, நீல ஒளி) அச்சின் சி.எம்.ஒய்.கே. முறைக்கு (சயான் என்ற பச்சைநீலம், மெஜந்தா என்ற இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகள்) மாற்றும்போது சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சம அளவில் வந்து விழும். இரண்டும் 100 விழுக்காடு என்றால் தாளில் ஊதாதான். மெஜந்தாவைச் சயானைவிடக் குறைந்தது 30 புள்ளி கீழே வையுங்கள். சயான் 100, மெஜந்தா 65 அல்லது 70 என்றால் நீலம் நீலமாக நிற்கும். அந்த நீலம்தான் நிறுவனத்தின் அடையாளமே என்றால் நான்கு வண்ணத்தில் போராடாமல் தனி மையாக ஐந்தாவது பிளேட் (ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத்தகடு) கேளுங்கள். செலவு கூடும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கறுப்பில் நடந்திருப்பது வேறு. வெளிறிய பக்கத்தில் நீங்கள் வரைந்த கட்டம் கறுப்பு மை 100 மட்டுமாக இருக்கும். மற்றப் பக்கத்தில் ஆர்.ஜி.பி. படத்திலிருந்து மாறிவந்த கறுப்பு இருக்கும். அதில் நான்கு மையும் சேர்ந்து 300 விழுக்காட்டைத் தொடும். இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டரும் இயல்பு அமைப்பில் இரண்டையும் திரையில் ஒரே மாதிரிதான் காட்டும். பிரிஃபரன்ஸில் 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' பகுதிக்குப் போய், கறுப்புகளை உள்ளது உள்ளபடி காட்டும்படி மாற்றுங்கள். பெரிய பரப்புக்குச் சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்ற கலவை அடர்த்தியாக வரும்; மொத்தம் 240 என்பதால் மையும் காய்ந்துவிடும்.

இந்தக் கலவையைச் சிறிய எழுத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான்கு பிளேட்டில் ஒன்று இம்மி விலகினாலும் எழுத்தின் விளிம்பில் வண்ண நிழல் தெரியும். வாசிக்கும் எழுத்துக்குக் கறுப்பு மை 100, மற்றவை பூஜ்யம். நிறங்களின் ஸ்வாட்ச் பட்டியலில் 'ரெஜிஸ்ட்ரேஷன்' என்றிருப்பது வெட்டுக்குறிக்கானது. பார்க்கக் கறுப்பாகத் தெரிந்தாலும் அது 400 விழுக்காடு மை. மொத்த மையின் வரம்பு தாளைப் பொறுத்தது: பூச்சுத் தாளுக்கு 300 முதல் 330 வரை, செய்தித்தாளுக்கு 240 அளவில். தாண்டினால் ஈரம் காயாமல் மேல் தாளின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. வெள்ளை எழுத்துக்குத் தெரியாமல் ஓவர்பிரிண்ட் (அடியிலுள்ள நிறத்தை நீக்காமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு) போட்டிருந்தால் திரையில் எழுத்து இருக்கும், அச்சில் காணாமல் போகும். கறுப்பு எழுத்தாக இருந்ததை வெள்ளையாக மாற்றும்போதுதான் இது நடக்கிறது, பழைய ஓவர்பிரிண்ட் கூடவே ஒட்டிவந்துவிடும். அனுப்புமுன் ஓவர்பிரிண்ட் பிரிவ்யூவையும் செபரேஷன்ஸ் பிரிவ்யூவையும் திறந்து ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

கேள்வி: பட்டம் இல்லாமல் இந்தத் துறையில் உயர முடியுமா?
*– பள்ளி இறுதியாண்டு மாணவி*

முடியும். வேலைக்கு எடுப்பவர் முதலில் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை. ஆனால் வேலைக்காக வெளிநாட்டு விசா கேட்கும்போதும், கல்லூரியில் கற்பிக்க விரும்பும்போதும், சில பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறையிலும் பட்டத்தைக் கேட்பார்கள். படிப்பதானால் எழுத்துருவியல், ஓவியம், அச்சுத் தொழில்நுட்பம் மூன்றும் பாடத்திட்டத்தில் உண்டா என்று பாருங்கள். மென்பொருள் மட்டுமே பாடம் என்றால் அதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: தமிழில் லேஅவுட் செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. பழைய கோப்பிலிருந்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக வருகிறது. தமிழுக்கென்று தனி மென்பொருள் வேண்டுமா?
*– பத்திரிகை லேஅவுட் டிசைனர்*

வேண்டாம். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

கொம்பு இடம் மாறுவது எழுத்துகளைக் கோக்கும் வேலை நடக்காததால். யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் 'கெ' என்பது முதலில் க, பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. இன்டிசைனில் பத்தி பேனலின் மெனுவுக்குப் போய் பெயரில் 'வேர்ல்டு-ரெடி' என்றுள்ள கம்போசரை (எழுத்துகளைக் கோத்து வரி அமைக்கும் பகுதி) தேர்ந்தெடுங்கள். அதைப் பத்தி ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸின் டைப் பகுதியில் இந்திய மொழிகளுக்கான தெரிவை இயக்க வேண்டும்.

குப்பையாக வருவது பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த உரை. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துருவை மாற்றிய கணமே ஆங்கிலம் வெளியே வந்துவிடும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுங்கள். எடுத்த பிறகு கட்டாயம் மெய்ப்புப் பாருங்கள். காலும் ரகரமும் குழம்பியிருக்கும், 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தனித்தனியாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் அகப்படாமல் போகும்.

தமிழ் லேஅவுட்டில் இதைவிடப் பெரிய பிழைகள் அழகியலில் நடக்கின்றன. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியை அப்படியே தமிழுக்கும் வைப்பது முதல் பிழை. மேலே இகரச் சுழியும் கீழே உகர வாலும் நீள்வதால், 10 பாயிண்ட் எழுத்துக்கு 14 அல்லது 15 பாயிண்ட் தேவை. தலைப்பை அகலமாக்க எழுத்திடைவெளியைக் கூட்டினால் பல மென்பொருள்களில் கொம்பு எழுத்தைவிட்டு விலகி அநாதையாக நிற்கும். தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவுக்கு வெளிக்கோடு கொடுத்துத் தடிமனாக்கினால் ண, ளை போன்றவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். குறுகிய பத்தியில் இருபக்கமும் சமன் செய்தால், நம் சொற்கள் நீளமானவை என்பதால், வரிக்குள் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும். இடப்பக்கம் மட்டும் சமன் செய்து வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள், அழகாகவே இருக்கும்.

கேள்வி: புத்தக அட்டைக்கு முதுகின் அகலம் கணக்கிடுவது எப்படி?

பக்க எண்ணிக்கையை இரண்டால் வகுத்து, ஒரு தாளின் தடிமனால் பெருக்குங்கள். 240 பக்கம் என்றால் 120 தாள், தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 12 மில்லிமீட்டர். எடையை வைத்து ஊகிக்காதீர்கள். ஒரே ஜி.எஸ்.எம்.மில் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பூச்சுத் தாள் மெல்லியதாகவும் பூச்சில்லாத் தாள் தடிமனாகவும் இருக்கும். அச்சகத்தில் தடிமனையே கேட்டு வாங்குங்கள். முதுகில் வரும் எழுத்துக்கு இருபுறமும் ஒன்றரை மில்லிமீட்டராவது விடுங்கள், ஒட்டும்போது அவ்வளவு விலகும்.

கேள்வி: ஆறு ஆண்டுகளாக அச்சு லேஅவுட். செயலி, இணைய வடிவமைப்புக்கு மாறலாமா? மீண்டும் தொடக்கநிலைச் சம்பளத்தில் உட்கார வேண்டியிருக்குமா?
*– மூத்த டிசைனர்*

உங்கள் எழுத்து அமைப்பு, கட்டமைப்பு, படிநிலை எல்லாம் அப்படியே செல்லும். செல்லாதது ஒன்று: முடிந்த பக்கம் என்ற எண்ணம். திரையில் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது ஐந்து நிலை உண்டு: தகவல் இல்லாத நிலை, ஏற்றப்படும் நிலை, பிழை, வெற்றி, முடக்கப்பட்ட பட்டன். அச்சிலிருந்து வருபவர்கள் முழுமையான நிலையை மட்டும் அழகாக வரைந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

சில அளவுகள் மனப்பாடமாக இருக்கட்டும். விரலால் தொடும் பகுதி ஆப்பிள் வழிகாட்டியில் 44 பாயிண்ட், கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியில் 48 டி.பி. (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு). சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச மாறுபாடு குறைந்தது 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் #767676 சாம்பல்தான் ஏறக்குறைய எல்லை. அதைவிட வெளிறினால் பலருக்குப் படிக்கக் கடினம்.

சம்பளம் குறையாமல் மாற ஒரு வழி உண்டு. இப்போதைய நிறுவனத்தின் ஏதாவதொரு படிவத்தையோ செய்திமடலையோ திரைக்கு மாற்றும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். ஐந்து பேரை உட்கார வைத்து உபயோகிக்கச் சொல்லி, எங்கே தடுமாறினார்கள் என்று குறித்து, திருத்தி, முன்னும் பின்னும் காட்டுங்கள். நடந்த வேலை ஒன்று, பத்துச் சான்றிதழ்களைவிடக் கனமானது. அச்சை வெறுத்து மாறுகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள். ப்ரீபிரஸ் (அச்சுக்கு முந்தைய கோப்புத் தயாரிப்பு), பேக்கேஜிங் இரண்டிலும் அச்சு தெரிந்தவரின் இடத்தை எளிதில் நிரப்ப முடிவதில்லை.

கேள்வி: ஃப்ரீலான்ஸ் வாடிக்கையாளர் பதினோராவது கரெக்ஷன் கேட்கிறார். மூலக் கோப்பையும் கொடு என்கிறார். கொடுக்க வேண்டுமா?

பதினொன்றுக்கு நீங்களும் பாதிக் காரணம். வேலை தொடங்குமுன் எழுத்தில் போக வேண்டியவை: எத்தனை மாதிரி, எத்தனை சுற்றுத் திருத்தம், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு, எந்தக் கோப்பு வடிவில் தருவீர்கள், நடுவில் நிறுத்தினால் என்ன தொகை. பாதி முன்பணம், மாதிரி ஒப்புதலானதும் கால் பங்கு, இறுதிக் கோப்புக்கு முன் மீதி. இரண்டு சுற்று நியாயமான எண்ணிக்கை. ஒரு சுற்று என்பது எல்லோருடைய கருத்தையும் ஒரே பட்டியலாகத் தருவது என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு வாட்ஸாப் செய்தியும் ஒரு சுற்று.

மூலக் கோப்பு தனிப் பொருள். ஒப்பந்தத்தில் இல்லையென்றால் தனி விலை சொல்லலாம். பல நாடுகளில், எழுத்தில் மாற்றித் தராதவரை ஃப்ரீலான்ஸ் வேலையின் பதிப்புரிமை செய்தவரிடமே இருக்கும். சம்பளத்துக்குச் செய்த வேலை நிறுவனத்துக்குச் சொந்தம். விதிவிலக்குகள் உண்டு, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். எப்படியானாலும் எழுத்துருவை மூலக் கோப்போடு சேர்த்து அனுப்பாதீர்கள். உரிமம் உங்களுடையது, அவர் தனியாக வாங்க வேண்டும். அச்சுக்கு வாங்கிய உரிமம் பெரும்பாலும் இணையத்துக்கும் செயலிக்கும் செல்லாது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலையைப் பிடுங்கிவிடுமா?

சில வேலைகளைப் பிடுங்கும். 1985-இல் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருள் வந்தபின் எழுத்தை வெட்டி ஒட்டிப் பக்கம் தயாரித்த தொழில் மறைந்தது. லேஅவுட் டிசைனர் என்ற தொழில் பெருகியது. இன்று ஆபத்தில் இருப்பது ஒரே பேனரை நாற்பது அளவில் மாற்றித் தரும் வேலை, பின்னணி நீக்கும் வேலை, பெயருக்கு ஒரு படம் வைக்கும் வேலை. உங்கள் வாரத்தில் இவை எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் இப்போதே ப்ரீபிரஸ், பேக்கேஜிங், தகவல் வடிவமைப்பு என ஏதாவது ஒரு பக்கம் ஆழம் போங்கள்.

உரிமை விஷயத்திலும் கவனம் தேவை. 2023-இல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதை நூலில் மனிதர் எழுதிய உரைக்கும் அடுக்கிய முறைக்கும் பதிப்புரிமை தந்து, எந்திரம் உருவாக்கிய தனிப்படங்களுக்கு மறுத்தது. அடையாளச் சின்னம் கேட்கும் வாடிக்கையாளருக்கு அப்படியொரு படத்தைக் கொடுக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கேன்வா டெம்ப்ளேட்டில் செய்த லோகோவை வர்த்தக முத்திரையாகப் பதிவு செய்யலாமா?

அதிலுள்ள ஆயத்தப் படங்களைக் கொண்டு செய்தது என்றால் கூடாது. கேன்வாவின் உரிம விதிகளே தடுக்கின்றன. அதே படத்தை இன்னும் பலர் பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். அடிப்படை வடிவங்களையும் எழுத்துருவையும் மட்டும் கொண்டு நீங்களே அமைத்தது என்றால் வாய்ப்புண்டு. எழுத்துருவின் உரிமத்தில் லோகோவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெக்டர் கோப்பாக (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாதது) எடுத்து வையுங்கள். ஜே.பி.ஜி. மட்டும் இருந்தால் முதல் பெயர்ப்பலகை அடிக்கும்போதே மறுபடி வரைய வேண்டிவரும்.