புதன் கோள் உள்ளேயும் பாறைதானா?

கிருஷ்ணகிரி கோட்டை மலையைப் போல புதனும் முழுக்கப் பாறைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மேலே சுமார் 400 கிலோமீட்டர்தான் பாறை. கோளின் ஆரம் 2,440 கிலோமீட்டர். அதில் இரும்புக் கரு மட்டுமே ஏறக்குறைய 2,000. சதை குறைந்து கொட்டை பெருத்த மாங்காய் மாதிரி.

புதனின் மேற்பரப்பில் எனக்கு மிகவும் பிடித்தவை செங்குத்து மேடுகள். உட்புறம் மெல்ல ஆறியதில் கோளே சுருங்கி, ஆரம் சில கிலோமீட்டர் குறைந்துவிட்டது. மேலோடு தாங்காமல் உடைந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறி நிற்கிறது. சில மேடுகள் பழைய விண்கல் பள்ளங்களையே குறுக்கே வெட்டிப் போகின்றன. அப்படியென்றால் பள்ளம் முந்தியது, மேடு பிந்தியது. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலத்தின் படங்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

அப்புறம், பகலில் 430 டிகிரி கொதித்தாலும், வெயிலே படாத துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது.