8/12 என்பது திகதி அல்ல

கேள்வி: ஐயா, நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம். போன ஆவணியில் கணவரின் பெயரில் ஆஸ்பத்திரிச் செலவு தருகிற ஒரு காப்புறுதி எடுத்தோம். தை மாதம் அவருக்கு இடுப்பின் இடப்பக்கம் தாங்க முடியாத வலி. திருகோணமலை பெரியாஸ்பத்திரியில் இரண்டு இரவு வைத்திருந்து ஸ்கேன் பார்த்து, சிறுநீரகக் கல் என்றார்கள். சொந்தக்காரர் சொன்னதைக் கேட்டு, அப்புறம் கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கல்லை எடுத்தோம். ரூ. 342,000 முடிந்தது. என் காப்பு இரண்டையும் அடகு வைத்துத்தான் கட்டினோம். இப்போது ஒரு சொப்பிங் பேக் நிறைய பில் இருக்கிறது. ஏஜென்ட் தம்பி போன் எடுப்பதில்லை. "அஞ்சு மாசத்துப் பொலிசிக்கு ஒரு சதமும் தரமாட்டாங்க" என்கிறா பக்கத்து வீட்டு அக்கா. எங்கிருந்து தொடங்குவது? இன்னொன்று, வீட்டுக்கு விடும்போது நோய் விபரம் எழுதித் தருகிற டயக்னோசிஸ் காட் இரண்டு இருக்கிறது. பெரியாஸ்பத்திரிக் காட்டில் 8/7 என்றும் கண்டிக் காட்டில் 8/12 என்றும் திகதி போட்டிருக்கிறது. நாங்கள் போனதோ தை மாதம். இதனால் ஏதும் பிரச்சினை வருமா?

– வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, சொப்பிங் பேக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அந்த இரண்டு காட்டையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரியுங்கள். கடைசியில் போகிற போக்கில் கேட்டீர்களே, அதுதான் முதல் கேள்வி.

8/7 என்பது யூலை எட்டாம் திகதி அல்ல. 8/12 டிசம்பர் எட்டும் அல்ல. நோய் எவ்வளவு காலமாக இருக்கிறது என்பதை டொக்டர்மார் எழுதுகிற சுருக்கெழுத்து அது. கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் கிழமை, 12 இருந்தால் மாதம். ஒரு கிழமைக்கு ஏழு நாள், ஒரு வருடத்துக்கு ஐம்பத்திரண்டு கிழமை, பன்னிரண்டு மாதம் என்ற கணக்கு. ஆக, பெரியாஸ்பத்திரி காட்டின்படி உங்கள் கணவருக்கு எட்டு நாளாக வலி. கண்டிக் காட்டின்படி எட்டு மாதமாக வலி.

தையிலிருந்து எட்டு மாதம் பின்னால் எண்ணிப் பாருங்கள், வைகாசி வரும். பொலிசி எடுத்தது ஆவணியில்.

இனி இதைக் கொழும்புத் தலைமைக் கந்தோரில் இருக்கிற ஒருவரின் கண்ணால் பாருங்கள். உங்கள் கணவர் வலியில் துடித்ததை அவர் காணவில்லை. நீங்கள் காப்பைக் கழற்றியதையும் காணவில்லை. அவருக்கு முன்னால் இருப்பது கடுதாசிகள் மட்டும். ஒரு கடுதாசி எட்டு நாள் என்கிறது, இன்னொன்று பொலிசிக்கு முன்பே வலி இருந்தது என்கிறது. முன்பே இருந்த நோய் என்று ஒரு வரி எழுதி பைலை மூட அவருக்கு இது போதும். நான் இருபத்தேழு வருடம் ஒரு கம்பனியின் கிளைக் கந்தோரில் கிளெய்ம் மேசையில் இருந்தவன். திரும்பி வந்த பைல்களில் நிறைய, நோயாளி பொய் சொன்னதால் வந்தவை அல்ல. ஒரு கடுதாசி சொன்ன கதையை மற்றக் கடுதாசி சொல்லாததால் வந்தவை.

ஆகவே முதல் வேலை, இரண்டில் எது உண்மை என்று கணவரைத் தனியாக இருத்திக் கேட்பது. உங்களுக்குத் தெரியாமல் ஆறேழு மாதமாகப் பனடோல் போட்டுக்கொண்டு தொழிலுக்குப் போயிருப்பார். ஆண்கள் செய்கிற வேலைதான் இது.

எட்டு நாள்தான் என்றால், கண்டியில் கல்லை எடுத்த விசேட வைத்திய நிபுணரிடம்தான் திருத்த வேண்டும். முதலில் போன் பண்ணி அவர் வருகிற நாளைக் கேளுங்கள். போகும்போது பெரியாஸ்பத்திரி காட்டைக் கையோடு கொண்டு போங்கள். வலி வந்ததும் முதலில் எழுதப்பட்ட கடுதாசி அதுதான், அதனால் அதற்கு எடை கூட. அவர் 8/12 ஐ வெட்டி 8/7 என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்தும் சீலும் வைக்கலாம். தன் கடிதத்தாளில் இரண்டு வரி விளக்கம் தந்தால் இன்னும் நல்லது. இந்தப் பிழை எப்படி வருகிறது என்பதையும் ஊகிக்க முடியும். நடுச்சாமத்தில் சின்ன டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், இவர் வலியோடு தமிழில் சொல்கிறார், இடையில் யாரோ அரைகுறையாக மொழிபெயர்க்கிறார். எட்டு என்பது போய்ச் சேர்ந்துவிடும், நாளா மாதமா என்பது வழியில் விழுந்துவிடும். யாரிலும் கோபப்பட வேண்டாம். ஆனால் இனிமேல் எந்த வாட்டிலிருந்து துண்டு வெட்டி வந்தாலும், வாகனத்தில் ஏறுவதற்கு முன் காட்டை ஒருவரிடம் கொடுத்து வாசிப்பித்துக் கேளுங்கள்.

நீங்களாக ஒரு பேனையை எடுத்து 12 ஐ 7 ஆக்கிவிடாதீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, பலர் "உண்மையைத்தானே எழுதுறம்" என்று செய்து மாட்டியிருக்கிறார்கள். அந்தக் காட்டின் பிரதி ஆஸ்பத்திரியில் இருக்கும். கம்பனி நேரே அங்கே கேட்கும். உண்மையான கிளெய்மும் அதோடு மோசடியாகிவிடும்.

எட்டு மாதம்தான் உண்மை என்றால் மறைக்க வேண்டாம். கதவு அப்போதும் முழுதாக மூடுவதில்லை. பொலிசிப் புத்தகத்தில் வரைவிலக்கணம் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் முன்பே இருந்த நோய் என்பதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டொக்டர் கண்டுபிடித்த அல்லது மருந்து எடுத்த நோயை மட்டும் சொல்கிறதா, அறிகுறி இருந்தாலே போதும் என்கிறதா? முதலாவது வகை என்றால், வேலைக் களைப்பென்று நினைத்த இடுப்பு வலியை வைத்து உங்களைத் தள்ளிவிட முடியாது. விண்ணப்பப் படிவத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். "சிறுநீரக வருத்தம் உண்டா" என்ற கேள்விக்கு ஏஜென்ட் தம்பி உங்களைக் கேட்காமலே "இல்லை" என்று கோடு போட்டிருப்பார். கையெழுத்து உங்கள் கணவருடையது என்பதால் பதிலும் அவருடையதாகத்தான் எடுக்கப்படும்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. பொலிசி தொடங்கிய முதல் சில கிழமைகளில், பெரும்பாலும் 30 நாளுக்குள், விபத்தைத் தவிர வேறு வருத்தத்துக்குப் பணம் வராது. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் சில பொலிசிகளில் கல், ஹேர்னியா, கண்புரை போன்றவற்றுக்குத் தனியாக ஒரு நீண்ட காத்திருப்புக் காலம் இருக்கும். உங்கள் பொலிசியில் கல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள். இருந்தால், மிச்ச ஓட்டத்துக்குச் செலவழிப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, இப்போது சொப்பிங் பேக்கை எடுங்கள்.

கண்டியில் கொடுத்த கடுதாசிகளில் "முற்பணம்" என்று இருப்பவை பில் அல்ல, காசு கட்டியதற்கான பற்றுச்சீட்டு. கம்பனிக்கு வேண்டியது இறுதி பில். அறை எவ்வளவு, தியேட்டர் எவ்வளவு, டொக்டர் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்துக் காட்டிய மூலப் பிரதி. மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒற்றைத் தாள் உங்களிடம் இருந்தால், டொக்டரிடம் போகிற அதே பயணத்தில் பில் பகுதியிலும் கேட்டு வாங்கிவிடுங்கள். வெளிப் பாமசியில் வாங்கிய ஒவ்வொரு மருந்து பில்லோடும் டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டைச் சேர்த்துக் குத்துங்கள். துண்டில்லாத மருந்து பில்லை நான் மேசையில் இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கழித்திருக்கிறேன், சட்டம் அப்படி. ஸ்கேன் எடுத்த காசுக்குப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, ஸ்கேன் றிப்போட்டும் வேண்டும்.

பளபளவென்று இருக்கிற சின்ன பில்களை இன்றைக்கே போட்டோ கொப்பி எடுங்கள். அது சூட்டில் எழுத்து விழுகிற கடுதாசி. நம்முடைய ஊர் வெயிலில், சேட்டுப் பையின் வியர்வையில், இரண்டு மாதத்தில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். கவனமாக வைக்கிறேன் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். என் மச்சான் தன் தாயின் சத்திரசிகிச்சை பில்கள் பதினொன்றையும் மத்திய வீதியில் ஒரு கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தார். மெஷினின் சூட்டில் பதினொன்றும் கரிக்கறுப்பாக வெளியே வந்தன. கிளெய்ம் மேசையில் இருந்தவனின் மச்சான்!

இனிப் பெயர். அடையாள அட்டை, பொலிசி, இரண்டு காட், பில், பாஸ் புத்தகம் எல்லாவற்றிலும் கணவரின் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுகிறவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார். தகப்பன் பெயர் முன்னால் வரும், பின்னால் வரும், சில இடத்தில் வரவே வராது. ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் என்றால் ஆஸ்பத்திரியிலேயே திருத்தலாம். பெரிய வித்தியாசம் என்றால் சமாதான நீதவானிடம் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் போர்மில் வைத்தியர் நிரப்புகிற பக்கம் ஒன்று உண்டு. அதிலும் "எவ்வளவு காலமாக" என்ற அதே கேள்வி வரும். காட்டைத் திருத்துகிற அன்றைக்கே அதையும் நிரப்புவித்தால் இரண்டும் பொருந்தும்.

பெரியாஸ்பத்திரியில் இருந்த இரண்டு இரவை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். இலவசம்தானே, எதைக் கேட்பது என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பல பொலிசிகளில் அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கினால் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று காசு தருவார்கள். பில் தேவையில்லை, காட் இருந்தால் போதும். உங்கள் பொலிசியில் அப்படி ஒரு வரி இருந்தால் அதையும் கேளுங்கள். இல்லாவிட்டாலும் அந்தக் காட்டைச் சேர்த்தே அனுப்புங்கள், எட்டு நாளுக்கு அதுதான் சாட்சி.

எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொலிசிப் புத்தகத்தில் இருக்கும். கண்டிக்குப் போய்வர நாள் பிந்தும் என்றால், ஆஸ்பத்திரியில் இருந்தோம், பத்திரங்கள் பின்னால் வரும் என்று ஒரு கடிதத்தை இப்போதே கொடுத்துவிடுங்கள். ஏஜென்டைத் தேடி அலைய வேண்டாம். ஏஜென்ட் கம்பனி அல்ல, கம்பனியின் கிளை டவுனில் இருந்தால் நேரே போங்கள். எல்லாவற்றிலும் ஒரு பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். கொடுத்த பட்டியலின் இரண்டாம் பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள், கிளெய்ம் இலக்கத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தபால் என்றால் பதிவுத்தபால். மூலப் பிரதிகளை வாசலில் வந்து நிற்கிற யாரிடமும் கையெழுத்தில்லாமல் கொடுக்காதீர்கள், அந்தத் தம்பியாக இருந்தாலும்.

இடையில் அரசாங்க உத்தியோகத்தருக்கு ஒரு சொல். உங்களுக்கு அக்ரஹார என்கிற அரசாங்க ஊழியர் மருத்துவக் காப்புறுதி இருந்து, வெளியில் ஒரு பொலிசியும் இருந்தால் மூல பில் ஒரு இடத்துக்குத்தான் போகும். அக்ரஹார கிளெய்ம் உங்கள் திணைக்களத் தலைவரின் உறுதிப்படுத்தலோடு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. ஒரு இடத்தில் எவ்வளவு தந்தார்கள் என்ற கடிதத்தையும் உறுதிப்படுத்திய பில் பிரதிகளையும் வாங்கிக்கொண்டு மிச்சத்தை மற்ற இடத்தில் கேட்கலாம்.

தங்கச்சி, எல்லாம் செய்த பிறகும் இல்லை என்று வந்தால், போனில் சொல்வதைக் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்த வாசகத்தின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் அதே கம்பனிக்கு மேன்முறையீடு. அதற்கும் அசையாவிட்டால், இப்படியான பிணக்குகளை விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். காசு கட்ட வேண்டியதில்லை, ஆனால் கம்பனியிடம் கேட்டு முடித்திருக்க வேண்டும், வழக்கும் போட்டிருக்கக் கூடாது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவும் முறைப்பாடு எடுக்கும். இரண்டு காட்டும் ஒரே கதை சொன்னால் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்பது என் எண்ணம்.

342,000 ஐ அப்படியே எதிர்பார்க்க வேண்டாம். பொலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 8,000 என்று இருந்து, நீங்கள் 14,000 அறையில் மூன்று நாள் இருந்திருந்தால் 18,000 உங்கள் தலையில். சில கம்பனிகள் அறை கூடிய விகிதத்துக்கு மற்றச் செலவுகளையும் குறைக்கும். கூட நின்றவரின் சாப்பாடு, அனுமதிக் கட்டணம் போன்றவையும் பெரும்பாலும் கழிபடும். இதையெல்லாம் கழித்துப் பார்த்துவிட்டுக் காப்பை மீட்க நாள் குறியுங்கள். அதற்கு முன் அடகுத் தவணை முடிகிறது என்றால் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிடுங்கள்.

அந்த அடகுத் துண்டை மட்டும் இந்தப் பையில் வைக்க வேண்டாம். ஒரு முறை மூதூரிலிருந்து வந்த பைலில் பில்களோடு சேர்த்து அதையும் குத்தி அனுப்பியிருந்தார்கள். அது கொழும்பு வரை போய், திரும்பி வர ஒன்றரை மாதம் ஆனது. அந்த மனுசி கிழமைக்கு இரண்டு தரம் என் மேசைக்கு முன்னால் வந்து ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டுப் போவா.