தொழிற்கண்காட்சியில் கம்பெனி ஸ்டாலில் நிற்க என்ன உடை சரி? புடவையா, சுடிதாரா?

முதல்முறையாக ஸ்டாலில் நிற்கப் போகிறேன், 'ஃபார்மல்ஸ்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மெக்கானிக்கல் படித்ததாகவும் எழுதியிருப்பதால், மெஷின் ஓடுகிற ஸ்டால் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டுமே வேண்டாம். பேன்ட், காலர் வைத்த அரைக்கை டி-ஷர்ட், விரல் மூடிய ஷூ. தலைமுடியைக் கொண்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் கட்டிங் டூல் துறையில் அப்ளிகேஷன் இன்ஜினியர். கொடிசியா, நந்தம்பாக்கம் டிரேட் சென்டர், பெங்களூரில் நடக்கும் இம்டெக்ஸ் மெஷின் டூல் கண்காட்சி எல்லாவற்றிலும் நின்றிருக்கிறேன். 2023 இம்டெக்ஸ் சமயத்தில் வேறொரு கம்பெனியில் இருந்தேன். ஆண்களுக்கு டி-ஷர்ட், பெண்களுக்கு ஒரே நிறத்தில் சில்க் புடவை என்று முடிவு செய்துவிட்டார்கள். "ஸ்டால் லட்சணமா இருக்கும்மா" என்றார் மேனேஜர். டெமோ ஓட்டப்போவது நான். லேத் கதவைத் திறந்து, கூலன்ட் சொட்டுகிற டரட்டில் (டூல்களைப் பிடிக்கிற சுழல் தலை) இன்சர்ட் (உலோகத்தை வெட்டுகிற சின்ன முனை) மாற்ற வேண்டும். முந்தானையை எங்கே வைப்பது? சுழலுகிற மெஷின் பக்கம் கிளவுஸே போடக் கூடாது என்றுதான் ஷாப் ஃப்ளோரில் முதல் பாடம் நடத்துகிறார்கள். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவே, ஓடுகிற மெஷினைச் சோதிக்கவோ எண்ணெய் போடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடையில் இருக்க வேண்டும் என்றது. (அந்த ஆள் வயது வந்த ஆணாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொன்னது. அந்தக் கோபம் எனக்குத் தனியாக இருக்கிறது.) கண்காட்சி தொழிற்சாலை ஆகாதே என்று யாராவது கமென்ட்டில் வரக்கூடும். சக் (லேத்தில் கடைகிற பொருளைப் பிடித்துச் சுற்றுகிற பிடி) சுழல்வது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நான் டி-ஷர்ட்டில்தான் நின்றேன். ஓசூரிலிருந்து வந்த ஒரு பட்டறைக்காரர், "டெக்னிக்கல் ஆள் யாராவது இருக்காங்களாம்மா?" என்றார். "நான்தான் சார், சொல்லுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே எஸ்.எஸ். 316 என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் கடையும்போது வருகிற சுருள், சிக்கெடுக்க முடியாத நீளத்தில். ஜாபை, அதாவது கடைகிற பொருளை, சுற்றிக்கொண்டு ஃபினிஷைக் கீறுகிறது என்றார். ஃபீட் (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) கேட்டேன், 0.12 மில்லிமீட்டர் என்றார். அதே மெட்டீரியல் எங்களிடம் இருந்தது. எஸ்.எஸ்ஸுக்கான சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கிற பள்ளம்) உள்ள இன்சர்ட்டை மாட்டி, ஃபீடை 0.2-க்கு ஏற்றி ஓட்டிக் காட்டினேன். சுருள் ஆறும் ஒன்பதும் எழுதின மாதிரி துண்டு துண்டாக விழுந்தது. அதிலேயே கொஞ்சம் அள்ளிப் பொட்டலம் கட்டிக்கொண்டார். அதன்பிறகு கேட்டதையெல்லாம் என்னிடமே கேட்டார்.

புடவை கட்டிய இருவரையும் ரோஜாவும் சாக்லேட் தட்டும் கொடுத்து ஸ்டால் முகப்பில் நிறுத்தினார்கள். அதில் ஒருத்தி டூல் டிசைனில் என்னைவிடக் கெட்டிக்காரி. யாரும் அவளிடம் ஒரு டிராயிங்கைக்கூட நீட்டவில்லை. 'போட்டோ எடுக்கலாமா' என்றுதான் கேட்டார்கள். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நான் புடவைக்கு எதிரி இல்லை. வீட்டில் விசேஷம் என்றால் முதலில் கட்டுகிறவள் நான்தான். கைத்தறி, நகைக் கண்காட்சி என்றால் புடவையைவிடப் பொருத்தமான உடை கிடையாது, அங்கே அதுதான் சரக்கே. சுடிதார்தான் வசதி என்றால் துப்பட்டா இல்லாமல் போடுங்கள். வீட்டில் ஏதாவது சொன்னால் சுழலுகிற மெஷினைக் காரணம் காட்டுங்கள்.

ஷூ விஷயத்தில் மட்டும் அழகு பார்க்காதீர்கள். தரை முழுக்க கான்கிரீட், மேலே விரிக்கிற கார்ப்பெட் பெயருக்குத்தான். புது ஷூ வேண்டாம், கால் பழகினதைப் போடுங்கள். இம்டெக்ஸ் என்றால் ஜனவரி, பெங்களூரில் காலையில் குளிரும், மதியம் ஹாலுக்குள் புழுங்கும். கழற்றி வைக்கிற மாதிரி ஒரு ஜாக்கெட் போதும். கழுத்தில் தொங்குகிற பேட்ஜை மெஷின் கிட்டே போகும்போது கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வருஷம் எங்களில் பெண்கள் ஒருவருக்கும் விசிட்டிங் கார்டு அடிக்கவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த பையனுக்கெல்லாம் இருந்தது. நான் ஓட்டிக் காட்டிய டெமோவுக்கு அவன் கார்டு போனது, ஆர்டருக்கான போன் அவனுக்கு வந்தது. உங்கள் பெயரில் கார்டு உண்டா என்று நாளைக்கே எச்ஆரிடம் கேளுங்கள். இல்லை என்றால் பிரிண்டிங் கடையில் உங்கள் காசிலாவது நூறு கார்டு அடித்துக்கொண்டு போங்கள்.