திராட்சைப் பந்தலும் உர மூட்டையும்: வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் இருந்து பன்னீர் திராட்சைக் குச்சி வாங்கி வந்து, அணைக்கட்டு பக்கம் செம்மண்ணில் பந்தல் போட்டிருக்கிறேன். அங்கே வைக்கும் உர அளவையே வைக்கலாமா?

வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீர் பாய்கிறது, வருஷத்தில் ஒன்றுக்கு மேல் அறுவடை செய்கிறார்கள். எடுக்கிற மகசூலுக்குத் தக்கபடிதான் உரம். உங்கள் செம்மண்ணில் மக்கிய தழை, எருப் பொருள் குறைவு. தழைச்சத்தை (யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்) மொத்தமாகக் கொட்டினால் தண்ணீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். சிறு சிறு தவணையாகக் கொடுங்கள். முதல் செலவு நன்கு மக்கிய தொழு உரத்துக்கும் பசுந்தழைக்கும் இருக்கட்டும். சாம்பல்சத்தில் (பொட்டாஷ்) பாதியைக் கவாத்து செய்ததும், அதாவது கொடியை வெட்டிவிட்டதும், மீதியை அறுபது நாள் கழித்தும் வையுங்கள்.

பன்னீர், அனாப்-இ-சாஹி என்ற இரண்டு திராட்சை ரகமும் ஒரே தோட்டத்தில் இருக்கின்றன. ஒரே உரம் போதுமா?

பன்னீருக்கு 3 × 2 மீட்டர் இடைவெளி, அனாப்-இ-சாஹிக்கு 4 × 3 மீட்டர். அனாப்-இ-சாஹியின் கொடி பெரிது, ஒரு கொடிக்கான சாம்பல்சத்தும் கூடுதலாகவே வேண்டும். ஆனால் தழைச்சத்தில் கை நீளக் கூடாது. ஏற்கெனவே தழைத்து ஓடும் ரகம் அது. யூரியாவைக் கூட்டினால் பந்தல் இருண்டு, வெயில் படாத மொட்டில் பூங்கொத்து உருவாகாது, சாம்பல் நோயும் வந்து உட்காரும். கொடி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மூட்டையைப் பிரியுங்கள்.

வாலாஜா பக்கம் தோட்டம். இலை ஓரம் கருகுகிறது. பொட்டாஷ் பற்றாக்குறை என்று கடையில் சொன்னார்கள். போட்டும் குறையவில்லை, கூடத்தான் செய்கிறது.

கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. பொட்டாஷ் குறைந்தாலும் முதிர்ந்த இலையின் ஓரம்தான் கருகும், உப்புத் தண்ணீர் பாய்ந்தாலும் அப்படித்தான். நீங்கள் போட்டது சிவப்புப் பொட்டாஷாக இருந்தால், அதில் குளோரைடு இருக்கிறது. திராட்சைக்கு அது ஆகாது. உப்பின் மேல் உப்பு வைத்த கதை! இனி சல்பேட் வடிவப் பொட்டாஷ் வாங்குங்கள்.

அதற்கு முன் கிணற்றுத் தண்ணீரைச் சோதியுங்கள். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்களை ஒட்டிய பல கிணறுகளில் உப்பு ஏறிக் கிடப்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதல்ல. மண்ணில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு ஒரு டெசிசைமன்ஸுக்குள் இருப்பது திராட்சைக்கு நல்லது. ஜிப்சம் களர் மண்ணுக்குத்தான் (சோடியம் மிகுந்து இறுகிய மண்) மருந்து. மண் உவராக மட்டும் (கரையும் உப்பு மிகுந்து) இருந்தால் ஜிப்சம் வீண் செலவு. நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்க வேண்டும், வடிகாலும் வேண்டும். ஐப்பசி மழையை வெளியே ஓடவிடாமல் பாத்தியில் நிறுத்துங்கள். புதிதாக நடுவதென்றால் வேர்ச்செடியில் (வேருக்காக வளர்க்கும் வேறு திராட்சை ரகம்) ஒட்டுக் கட்டிய கன்றாக வாங்குங்கள். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி வறட்சியைத் தாங்கும், ஆனால் சோடியம் மிகுந்த இடத்தில் 110 ஆர் என்ற வேர்ச்செடி மேல்.

இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. என்ன சத்து?

இளந்தளிரில் என்றால் இரும்பு, முதிர்ந்த இலையில் என்றால் மக்னீசியம். சுண்ணாம்புக் கல் கலந்த நிலத்தில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. பொட்டாஷை அளவுக்கு மீறிப் போட்ட தோட்டத்தில் மக்னீசியம் தட்டுப்பாடாகும்.

ஒரே குலையில் பெரிய பழமும் மிளகு போன்ற பழமும் கலந்து வருகின்றன.

பெரும்பாலும் துத்தநாகம், போரான் குறைவு. பத்து லிட்டர் தண்ணீருக்கு போரிக் அமிலம் 10 கிராம், துத்தநாக சல்பேட் 20 கிராம், யூரியா 100 கிராம். பூக்கும் முன் ஒரு முறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை இலைவழி தெளியுங்கள்.

மண் பரிசோதனைக்கு எங்கே, எப்படி எடுத்துப் போவது?

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். திராட்சைக்கு ஒரு அடி, இரண்டு அடி ஆழ மண்ணைத் தனித்தனியாக எடுக்க வேண்டும். சொட்டுநீர் என்றால் ஈரம் படும் இடத்திலேயே எடுங்கள். எரு வைத்த கையோடு எடுக்காதீர்கள். ரகத்துக்கு ஒரு பை, அதில் ரகத்தின் பெயர். காய்க்கும் தோட்டம் என்றால், பூக்கும் சமயத்தில் குலைக்கு எதிரே உள்ள இலைகளின் காம்பையும் சேர்த்துக் கொடுங்கள். மண்ணில் இருப்பதில் கொடி எவ்வளவு எடுத்தது என்பதைக் காம்புதான் காட்டும்.