முதலில் மூடி, அப்புறம் தெர்மாகோல்

கேள்வி: டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மணாலி பக்கம் நண்பர்களோடு ஒரு காட்டேஜைக் குத்தகைக்கு எடுத்து வெளியே ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறோம், 1,000 லிட்டர் பிடிக்கும். ஜனவரி ராத்திரிகளில் மைனஸுக்குப் போவதால் கரன்ட் பில் தாங்கவில்லை. சுற்றிலும் தெர்மாகோல் அடித்தால் போதுமா சார்? ஊர் திரும்பும்போது ஆஃப் செய்துவிட்டு வரலாமா?

பதில்: தெர்மாகோல் இருக்கட்டும், மூடி எப்படி இருக்கிறது? சூடு அதிகம் போவது பக்கவாட்டில் இல்லை, மேலே ஆவியாகத்தான். 1 லிட்டர் தண்ணீர் ஆவியானாலே உங்கள் தொட்டி முழுக்க அரை டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். மூடியைச் சரிபண்ணாமல் பக்கங்களில் செலவழிப்பது, தலையையும் காலையும் வெளியே விட்டு இரண்டு ரஜாய் போர்த்துகிற கதைதான். இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள், விளிம்பில் எங்காவது ஆவி கசிந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். மூடியைத் தூக்கினால் முன்பைவிடக் கனக்கிறதா? உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்துவிட்டது, மாற்றிவிடுங்கள், காயவைத்தெல்லாம் பிரயோஜனமில்லை. மூடிக்கு அடியில், தண்ணீர் மேலேயே மிதக்கிற மாதிரி ஒரு பபிள் ஷீட்டும் போடுங்கள், விலை குறைவு, பலன் அதிகம்.

அதற்குப் பிறகு பக்கவாட்டுக்கு வாருங்கள். தெர்மாகோலைவிட எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மாகோல் இனம்தான், ஆனால் இன்னும் இறுக்கமானது) நல்லது, ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், நனைந்தால் வீண். மோட்டார் பக்கத்துக் கதவை மட்டும் அடைத்துவிடாதீர்கள், ரிப்பேருக்கு வருபவர் உங்களைத் திட்டுவார்.

ஆஃப் செய்வது பற்றி: தண்ணீரை வைத்துக்கொண்டு ஆஃப் செய்யவே கூடாது. தொட்டித் தண்ணீர் உறைய நாளாகும், ஆனால் ஒல்லியான பைப்பும் பம்பும் முதலில் உறையும், உறைகிற தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் பெருப்பதால் பைப் பிளந்துகொள்ளும். அதனால் பைப்புகளின் மேல் கறுப்பு நைட்ரைல் ஃபோம் உறை (ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும்) மாட்டுவது கட்டாயம். வாரக்கணக்கில் போகமாட்டீர்கள் என்றால் முழுக்க வடித்துவிடுங்கள், பைப்பில் தேங்கியதையும் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை வைத்து வெளியே தள்ளுங்கள். ஓரிரு நாள்தான் என்றால் சூட்டைக் குறைத்து ஓட விடலாம், ஆனால் மணிக்கணக்கில் கரன்ட் போனால் பார்க்க ஆள் இருக்கவேண்டும்.

வடித்துவிட்டீர்கள் என்றால், நீங்கள் போய்ச் சேருவதற்கு முந்தின நாளே நிரப்பச் சொல்லுங்கள். 5 டிகிரித் தண்ணீரை 38க்குக் கொண்டுவர, மூடி போட்டிருந்தாலும், 3 கிலோவாட் ஹீட்டருக்குக் குறைந்தது 13 மணி நேரம், 38 யூனிட்டுக்கு மேல் ஆகும்.