ஓட்டு வீட்டை இடிக்காமல் சரிசெய்ய முடியுமா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: புளியரையில் எங்களுடையது எழுபது வருட ஓட்டு வீடு, மண் சுவர். அப்பா, அம்மா மட்டும் இருக்கிறார்கள். தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. கூரை ஒழுகுகிறது, சுவரின் அடி பொரிந்து உதிர்கிறது. "இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்" என்கிறார் கொத்தனார்.
– வாசகி, சென்னை

பதில்: அவசரப்பட வேண்டாம். சுவர் சாய்ந்திருந்தாலோ, மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தாலோ பொறியாளரிடம் காட்டுங்கள். மற்றபடி இது மீட்கக்கூடிய வீடு. கான்கிரீட் கூரையின் வெக்கையை முதியவர்கள் மேல் ஏற்றுவானேன்?

முதலில் கூரை. ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களான கைமரங்களை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், குறிப்பாகச் சுவரில் உட்காரும் நுனிகளை. ஈரம் தங்கி முதலில் உளுப்பது அங்கேதான். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்தக் கைமரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

ஓட்டைத் தூக்கிப் பிடித்துச் சுண்டுங்கள். 'ணங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் உள்ளே கீறல். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 140 பிடிக்கும். சரிவோடு சேர்த்து அளந்து, உடைசலுக்குப் பத்து சதவீதம் கூட வாங்குங்கள். அடிப்பக்கத்துக் கம்பெனி முத்திரையைப் பார்த்து, அதே ஓட்டை இடித்த வீடுகளில் தேடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி ஓட்டின் விளிம்பு மாறும். கலந்து போட்டால் சந்துக்குள் சாரல் இறங்கும். ஒழுகும் இடத்தில் சிமென்ட் அப்ப விடாதீர்கள். வெயிலில் விரியும் ஓடு அசைய வழியில்லாமல் வெடித்து, அடுத்த மழையில் பக்கத்து ஓடும் ஒழுகும்.

சுவர் உதிர்வதற்குப் பெரும்பாலும் பிற்பாடு பூசிய சிமென்ட்தான் காரணம். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்று மண்ணை இளக்கும். அந்தப் பூச்சை மூன்று அடி உயரத்துக்குக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் இரண்டு வாரமாவது ஊறவைத்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல் கலந்து, அரை அங்குலக் கனத்தில் இரண்டு கை பூசுங்கள். ஒரு வாரம் லேசாக ஈரம் காட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தும் ஒரு தவறு மிச்சமிருக்கும். தெருவில் சிமென்ட் சாலை மேல் சாலை போட்டு, வீடு தாழ்ந்திருக்கும். சுவரை ஒட்டிய மண்ணை வீட்டுத் தரைக்கு ஆறு அங்குலமாவது கீழே இறக்கி, தண்ணீர் வெளியே ஓட வாட்டம் கொடுங்கள்.

ஆரியங்காவு கணவாய் வழியே தென்மேற்குப் பருவமழையும், பிறகு வடகிழக்கும் உங்கள் ஊருக்குக் கிடைக்கும். பிப்ரவரி, மார்ச்சில் வேலையை வையுங்கள். ஒரு பக்கச் சரிவை மூடிய பிறகே மறுபக்கத்தைப் பிரிக்க வேண்டும்.

கேள்வி: கொல்லைப்புறக் கழிவறைக்கு இரவில் போக அம்மாவால் முடியவில்லை. எங்கள் மண்சுவர் வீட்டுக்கு உள்ளேயே கட்டலாமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பின்தாழ்வாரத்தில் கட்டுங்கள். மண் சுவரில் தண்ணீர் படாதபடி உள்பக்கம் தனியாகச் செங்கல் சுவர் எழுப்புங்கள். கைப்பிடியையும் அந்தச் செங்கல் சுவரில்தான், தரையிலிருந்து 33 அங்குலத்தில் பொருத்த வேண்டும். மண் சுவரில் அடித்த திருகு ஆள் சாய்ந்ததும் பிடுங்கிக்கொள்ளும். இருக்கை 17, 18 அங்குல உயரம். கதவு 32 அங்குல அகலத்தில், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவானால், உள்ளே விழுந்தவரே அதைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொள்வார்.

வாசலில் படிக்குப் பதில் சாய்தளம் வைப்பதானால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. பல வீடுகளில் இடமிருக்காது. அங்கே நாலு அங்குலப் படிகளும் இருபக்கப் பிடியும் போதும்.

கேள்வி: பூட்டிய வீட்டை எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், செங்கோட்டை

பதில்: மாதம் ஒருமுறை கதவு, ஜன்னல் எல்லாம் திறந்து ஒரு பகல் காற்றாட விடுங்கள். சுவரில் கரையான் புற்று ஏறியிருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். அரசங்கன்று இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மழைக்கு முன் கூரை ஓடையில் அடைத்த சருகை வாரிவிடுங்கள். வாடகை குறைவானாலும் ஒரு குடும்பத்தைக் குடிவைப்பது நல்லது; ஒழுகினால் அன்றே உங்களுக்குத் தெரிந்துவிடும்.